ஏசி அவுட்டோர் யூனிட்டில் கரண்ட் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளே காற்று வருகிறது, குளிர் மட்டும் இல்லை. வெளியே போய்ப் பார்த்தால் அவுட்டோர் யூனிட் அசையாமல் நிற்கிறது, இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு அடங்கிவிடுகிறது. இந்த நிலையில் பத்தே நிமிடம் பார்த்துவிட்டு ஒருவர் "கம்ப்ரசர் போயிடுச்சு" என்று சொன்னால், சரி என்று தலையாட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் இந்த வேலையில் இருப்பவன். போய்விட்டது என்று தீர்ப்பு எழுதப்பட்ட கம்ப்ரசர்கள், அவை சுற்றத் தொடங்க உதவும் சின்ன உதிரிப் பாகமான ஒரு கெபாசிட்டரை மாற்றியதும் எழுந்து ஓடியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அளந்து பார்க்காமல் சொல்லப்படும் எந்தப் பதிலையும் நம்ப வேண்டாம், என் பதில் உட்பட. அதனால்தான் எதை எப்படி அளப்பது என்றே பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். எண்கள் எல்லாம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் சிங்கிள் ஃபேஸ் இணைப்பில் ஓடும் ஸ்ப்ளிட் ஏசிக்கானவை.

மூடியைக் கழற்றும் முன் என்ன செய்ய வேண்டும்?

ரிமோட்டில் ஆஃப் செய்தது கணக்கில் வராது. ஏசிக்கான எம்சிபியை (கரண்ட் மிகையானால் தானாக விழும் பிரேக்கர் சுவிட்ச்) இறக்குங்கள், இறக்கிய கையோடு அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள். நீங்கள் வெளியே யூனிட்டுக்குள் கை விட்டிருக்கும்போது, ட்ரிப் ஆகிவிட்டது போல என்று நினைத்து யாராவது தூக்கிவிடுவது உண்மையிலேயே நடக்கிற விஷயம். மூடியைத் திறந்ததும் டெர்மினலில் மீட்டர் வைத்து, கரண்ட் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள்.

அப்புறம் கெபாசிட்டர். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அது சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும், ஆளைத் தூக்கி எறியும் அளவுக்கு. ஸ்க்ரூ டிரைவரை இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்துத் தீப்பொறி பறக்கவிடும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முனை உருகும், பொறி கண்ணில் தெறிக்கும். ஹோல்டரோடு இரண்டு வயர் கோர்த்த பழைய குண்டு பல்பு ஒன்று இருந்தால் போதும், அதன் வயர்களை முனைகளில் வைத்தால் சார்ஜ் அமைதியாக இறங்கிவிடும்.

இன்னொன்று, யூனிட் மாடிச் சுவரில் வெளிப்பக்கம் தொங்குகிறது என்றால் ஜன்னல் வழியாக எட்டிச் சாய்ந்து வேலை பார்க்கவே கூடாது. லேசான ஷாக்குக்கே உடம்பு உதறும், அந்த உதறலில் பிடி நழுவும்.

அவுட்டோர் யூனிட் ஸ்டார்ட்டே ஆகவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் காத்திருங்கள். ஏசியை நிறுத்திப் போட்டாலும், கரண்ட் போய் வந்தாலும், கம்ப்ரசரைக் காப்பாற்ற சுமார் 3 நிமிடம் கழித்தே போர்டு அதை ஓடவிடும். அந்த மூன்று நிமிடத்துக்குள் ஆன், ஆஃப் என்று மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருந்தால் அது ஓடவே ஓடாது. ரிமோட்டில் கூல் மோடு இருக்கிறதா, வைத்த வெப்பநிலை அறையைவிடக் குறைவாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சிரிக்காதீர்கள், ஃபேன் மோடில் விட்டுவிட்டு ஆளைக் கூப்பிட்டவர்கள் இருக்கிறார்கள்.

இது எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் அவுட்டோர் டெர்மினலில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண ஏசியில், அதாவது கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் போர்டு இல்லாததில், உள்ளே இருக்கும் போர்டிலுள்ள ரிலே என்ற தானியங்கி சுவிட்ச்தான் வெளியே கரண்டை அனுப்புகிறது. வெளியே கம்ப்ரசர், ஃபேன், கெபாசிட்டர் தவிரப் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆகவே அவுட்டோர் டெர்மினலில் 230 வோல்ட் வந்தும் ஓடவில்லை என்றால் கோளாறு வெளியே. வரவே இல்லை என்றால் ரிலே, இடையில் போகும் கேபிள், உள்ளே இருக்கும் சென்சார் ஆகியவற்றில் ஒன்று.

இதை டெஸ்டரை வைத்துப் பார்க்காதீர்கள். நியூட்ரல் அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியும், எரிவதைப் பார்த்து "கரண்ட் வருது, கம்ப்ரசர்தான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். மல்டிமீட்டரை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும்.

ஃபேன் ஓடுகிறது, கம்ப்ரசர் மட்டும் உறுமிவிட்டு "டக்" என்று நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே. கம்ப்ரசர் போய்விட்டதா?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். நடப்பது என்னவென்றால், கம்ப்ரசர் சுற்ற முயல்கிறது, முடியவில்லை. சுற்றாத மோட்டார், ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட்டை இழுக்கும். ஒன்றரை டன் சாதாரண ஏசி ஓடும்போது சுமார் 7, 8 ஆம்பியர் எடுக்கும் என்றால், சிக்கிக்கொண்டு நிற்கும்போது 30 ஆம்பியரைத் தாண்டும். சில நொடிகளில் சூடேறி, ஓவர்லோட் என்ற பாதுகாப்பு சுவிட்ச் கரண்டைப் பிரித்துவிடுகிறது, அதுதான் அந்த "டக்". ஆறியதும் மறுபடி சேர்கிறது, மறுபடி உறுமல்.

ஏன் சுற்ற முடியவில்லை என்பதற்கு வாய்ப்புகள் நான்கு. கெபாசிட்டர் வலுவிழந்திருக்கலாம், வோல்டேஜ் போதாமல் இருக்கலாம், கம்ப்ரசருக்குப் போகும் மூன்று வயர்களில் ஒன்று கருகியோ கழன்றோ இருக்கலாம், கடைசியாகக் கம்ப்ரசரே உள்ளே இறுகியிருக்கலாம். நான் எழுதியிருக்கும் வரிசையிலேயே பாருங்கள். முதல் மூன்றையும் பார்க்காமல் நான்காவதுக்குத் தாவுவதுதான் பணம் விரயமாகும் இடம்.

ஒரு எச்சரிக்கை: உறுமிக்கொண்டிருக்கும் ஏசியை "எப்படியும் பிடித்துக்கொள்ளும்" என்று நாள் முழுக்க ஆனில் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு முயற்சியிலும் கம்ப்ரசர் மோட்டாருக்குள் இருக்கும் செம்புச் சுருளின் பூச்சு வேகிறது. சின்னக் கெபாசிட்டர் கோளாறு நிஜமாகவே கம்ப்ரசர் கோளாறாக மாறுவது இப்படித்தான்.

கெபாசிட்டர் கெட்டுவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மேல் மூடி தட்டையாக இல்லாமல் குமிழாக வீங்கியிருந்தால், அடியில் எண்ணெய் கசிந்திருந்தால், அளக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். பார்வைக்கு நன்றாக இருப்பதால் நல்லது என்று மட்டும் நினைக்காதீர்கள், புதிது மாதிரி பளபளவென்று இருப்பவையும் பாதி வலுவோடு இருக்கும்.

சார்ஜை இறக்கி, வயர்களைக் கழற்றிவிட்டு, கெபாசிட்டன்ஸ் அளக்கும் வசதியுள்ள மீட்டரில் வையுங்கள். கழற்றும் முன் எந்த நிற வயர் எந்த முனையில் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே 35 மைக்ரோஃபாரட், 5 சதவீதம் கூடக்குறைய என்று அச்சிட்டிருந்தால் 33.25-க்குக் கீழே போனது கணக்குப்படி மாற்ற வேண்டியது. 30 காட்டினால் கம்ப்ரசர் குளிர்ந்த நேரத்தில் ஸ்டார்ட் ஆகலாம், உச்சி வெயிலில் ஆகாமல் போகலாம். "காலையில நல்லா ஓடுது, மத்தியானம்தான் மக்கர் பண்ணுது" என்றால் என் கை முதலில் போவது கெபாசிட்டருக்குத்தான்.

மூன்று முனையுள்ள உருளைக் கெபாசிட்டராக இருந்தால் அது ஒரே டப்பாவில் இரண்டு. பொது முனைக்கு சி என்றும், கம்ப்ரசருக்கு ஹெர்ம் என்றும், ஃபேனுக்கு ஃபேன் என்றும் எழுதியிருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் பொது முனையோடு வைத்து அளக்க வேண்டும். ஒன்று நன்றாக இருந்து மற்றது மட்டும் போயிருப்பது சாதாரணம்.

பழகிய மெக்கானிக்குகளுக்கு ஒரு குறிப்பு. ஓடிக்கொண்டிருக்கும்போதே, கம்ப்ரசரின் ஸ்டார்ட் வயரில் கிளாம்ப் மீட்டரை (வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் காட்டுவது) போட்டு ஆம்பியரையும், கெபாசிட்டரின் இரு முனைகளுக்கிடையே வோல்ட்டையும் பாருங்கள். ஆம்பியரை 3183-ஆல் பெருக்கி வோல்ட்டால் வகுத்தால் மைக்ரோஃபாரட் வந்துவிடும். 3.85 ஆம்பியர், 350 வோல்ட் என்றால் 35. கழற்றி அளக்கும்போது நன்றாகக் காட்டிவிட்டு லோடில் மட்டும் சரியும் கெபாசிட்டர் இதில் மாட்டிக்கொள்ளும்.

35-க்குப் பதில் 50 போட்டால் இன்னும் நன்றாக இழுக்கும் என்கிறார்களே?

போடாதீர்கள். அதிக மைக்ரோஃபாரட் என்றால் ஸ்டார்ட் சுருளில் எந்நேரமும் அதிகக் கரண்ட் ஓடும். இன்று ஸ்டார்ட் ஆகும், சுருள் சூட்டிலேயே வெந்து சீக்கிரம் போகும். மைக்ரோஃபாரட் அதே எண்ணாக இருக்க வேண்டும். வோல்ட் மட்டும் பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், 440 இருந்த இடத்தில் 450 போடலாம், 370 போடக் கூடாது.

ஸ்டெபிலைசரில் 225 காட்டுகிறது. பிறகு எப்படி வோல்டேஜ் குறைவு என்கிறீர்கள்?

எங்கே, எப்போது அளந்தீர்கள் என்பதில்தான் விஷயம். கம்ப்ரசர் ஓடாமல் சும்மா இருக்கும்போது எல்லா இடத்திலும் வோல்டேஜ் நன்றாகத்தான் காட்டும். அது இழுக்கத் தொடங்கும் அந்த ஒரு நொடியில், அவுட்டோர் டெர்மினலில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஒருவர் ஆன் செய்ய, இன்னொருவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். 225 சட்டென்று 170-க்கு விழுந்து, கம்ப்ரசர் உறுமிவிட்டு அடங்கினதும் மறுபடி 225-க்கு ஏறினால், ஸ்டெபிலைசருக்கும் அவுட்டோருக்கும் நடுவில் எங்கோ கழுத்து நெரிக்கப்படுகிறது: மெல்லிய வயர், நடுவில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், கருகிய எம்சிபி முனை, தேய்ந்த ரிலே. ஸ்டெபிலைசர் முன்னாலும் அதே அளவுக்கு விழுகிறதென்றால் கோளாறு வீட்டு வயரிங்கிலோ வெளி இணைப்பிலோ.

கருகிய வயரை எப்படிக் கண்டுபிடிப்பது? மூடியைத் திறந்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. ஒருமுறை என்னைக் கூப்பிட்ட வீட்டில், ஏற்கெனவே இரண்டு பேர் பார்த்துக் கம்ப்ரசர் மாற்றச் சொல்லியிருந்தார்கள். கெபாசிட்டர் புதிது, வோல்டேஜ் சரி. எம்சிபியை இறக்கிவிட்டுக் கம்ப்ரசரின் தலைமேல் இருக்கும் கறுப்பு மூடியைக் கழற்றி ஒவ்வொரு லக்கையும் (வயர் நுனியில் அழுத்தியிருக்கும் உலோக முனை) விரலால் லேசாக ஆட்டினேன். மூன்றாவது லக் வயரை விட்டுவிட்டுத் தனியாகக் கையோடு வந்தது. ரப்பர் உறை மட்டுமே அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே செம்பு கறுத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. இரண்டு அங்குலம் வெட்டி, பளிச்சென்று செம்பு தெரியும் இடத்தில் புது லக் அழுத்திப் போட்டேன், அதே கம்ப்ரசர் ஓடியது.

அதனால் கண்ணை நம்பாமல் ஆட்டிப் பாருங்கள். உறை பழுப்பேறியோ விறைத்தோ இருக்கும் இடம், வயரின் நிறம் திருகருகே மட்டும் மாறியிருக்கும் இடம், அழுகின மீன் மாதிரி ஒரு வாடை வரும் பிளாஸ்டிக், இவை எல்லாம் அங்கே வெகு நாளாகச் சூடு இருந்ததற்கு அடையாளம். கருகிய முனையை அப்படியே வைத்துத் திருகை மட்டும் இறுக்குவது வேலைக்கு ஆகாது. கறுத்த செம்பு கரண்டைச் சரியாக விடாது, மறுபடி சூடேறும்.

அந்தக் கறுப்பு மூடியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் கம்ப்ரசருக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள். டெர்மினல் பலவீனமாக இருந்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் அதைப் பிய்த்துக்கொண்டு கேஸையும் எண்ணெயையும் பீய்ச்சி அடிக்கும், கூடவே தீப்பொறியும் இருந்தால் பற்றிக்கொள்ளும். குளிரூட்டும் கேஸ்களில் ஒன்றான ஆர்-32 தீப்பிடிக்கக்கூடியது. அந்த முனைகளில் அளவு எடுக்கும்போது எம்சிபி இறங்கியிருக்கட்டும், ஓட்டிப் பார்க்கும்போது மூடி மாட்டியிருக்கட்டும்.

கம்ப்ரசர் ஓடுகிறது, ஃபேன் சுற்றவில்லை. ஓட்டலாமா?

கூடாது, உடனே நிறுத்துங்கள். சூடு வெளியேறாமல் அழுத்தம் ஏறிக் கம்ப்ரசர் திணறும். எம்சிபியை இறக்கிவிட்டு, ஃபேன் இறக்கையைக் காய்ந்த குச்சியால் தள்ளிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பேரிங். லேசாகச் சுற்றினால் ஃபேன் கெபாசிட்டர் மேல் சந்தேகம். சாதாரண ஏசியில் இது 1.5-லிருந்து 5 மைக்ரோஃபாரட் வரை இருக்கும் சின்னப் பொருள். கெபாசிட்டர் நன்றாக இருந்து, மோட்டாரின் வயர்களுக்குள் எங்கே வைத்தாலும் ஓம்ஸ் (மின்தடை அளவு) வரவில்லை என்றால் மோட்டார் போயிருக்கிறது. மோட்டார் சூடாக இருந்தால் ஆறிய பிறகு அளங்கள், சூட்டில் பிரியும் தெர்மல் சுவிட்ச் உள்ளே பிரிந்திருக்கலாம்.

இன்வெர்ட்டர் ஏசியில் ஃபேன் பெரும்பாலும் டிசி மோட்டார், ஐந்து வயர். கரண்ட் இருக்கும்போது அந்த பிளக்கைப் பிடுங்கவோ செருகவோ கூடாது, மோட்டாரும் போர்டும் அந்த நொடியிலேயே போய்விடலாம்.

எம்சிபி ட்ரிப் ஆகிறது. ஷார்ட்டா, லோடா?

நேரத்தைப் பாருங்கள். தூக்கிய கணமே விழுந்தால் ஷார்ட் அல்லது எர்த் கோளாறு. கம்ப்ரசர் இழுக்கும் நேரத்தில் மட்டும் விழுந்தால் கம்ப்ரசர் சிக்கியிருக்கலாம், அல்லது எம்சிபி தவறான வகை. மோட்டாருக்கு, ஸ்டார்ட் ஆகும் நொடியின் அதிகக் கரண்டைத் தாங்கும் சி வகை வேண்டும், பி வகை போட்டிருந்தால் ஸ்டார்ட்டிங் கரண்டுக்கே விழலாம். அரை மணி, ஒரு மணி ஓடிவிட்டு விழுந்தால் எம்சிபியின் திருகு லூசாகிச் சூடேறுகிறதா, அவுட்டோர் காயிலில் தூசி அடைத்துக் கரண்ட் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். ட்ரிப் ஆகிறதே என்று 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போடுகிறவர்கள் வயரைப் பற்றி யோசிப்பதில்லை. எம்சிபி காப்பாற்றுவது வயரை, அது விழவில்லை என்றால் வயர் எரியும்.

விழுவது ஆர்சிசிபி (கசிவைக் கண்டால் விழும் பிரேக்கர்) என்றால் கதை வேறு, அது எர்த்துக்குக் கரண்ட் கசிகிறது என்று சொல்கிறது. எம்சிபியையும் இறக்கிவிட்டு, கம்ப்ரசரின் மூன்று வயரையும் கழற்றித் தனித்தனியாக டேப் சுற்றிவிட்டு, பிறகு போட்டுப் பாருங்கள். இப்போது விழவில்லை என்றால் கசிவு கம்ப்ரசரில். இன்னும் விழுகிறதென்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அடுத்து ஃபேனைக் கழற்றுங்கள். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் கள்ளன் மாட்டுவான். மழை பெய்த மறுநாள் மட்டும் விழுந்தால் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

கம்ப்ரசர் நிஜமாகவே போய்விட்டதா என்று எப்படி உறுதி செய்வது?

சாதாரண கம்ப்ரசரில் சி (பொது), ஆர் (ரன்), எஸ் (ஸ்டார்ட்) என்று மூன்று முனை. மூன்று ஜோடியையும் ஓம்ஸில் அளங்கள். சி-ஆர் மிகக் குறைவாகவும், சி-எஸ் அதைவிட அதிகமாகவும், ஆர்-எஸ் இரண்டின் கூட்டுத்தொகையாகவும் வர வேண்டும். உதாரணத்துக்கு 1.8, 3.0, 4.8. கூட்டல் சரியாக வந்தால் சுருள் அறுபடவில்லை.

ஆர்-எஸ் அளவு காட்டுகிறது, சி-யோடு வைத்தால் மட்டும் ஒன்றுமே காட்டவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஓவர்லோட் சூட்டில் பிரிந்திருக்கும் நிலை. கம்ப்ரசர் ஆற ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். கை வைத்துப் பார்த்து, குளிர்ந்த பிறகு மறுபடி அளங்கள். நல்ல கம்ப்ரசரைக் குப்பைக்கு அனுப்பும் தவறு அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான்.

அடுத்து, ஒவ்வொரு முனைக்கும் கம்ப்ரசரின் உடம்புச் செம்புக் குழாய்க்கும் இடையே அளவு வரக் கூடாது. மல்டிமீட்டரில் வந்தால் முடிந்தது. வரவில்லை என்றாலும் 500 வோல்ட் மெகரில் (அதிக வோல்ட் கொடுத்துக் கசிவைப் பார்க்கும் மீட்டர்) பார்த்தால்தான் உறுதி, மல்டிமீட்டரின் சின்ன பேட்டரி மெல்லிய கசிவைக் காட்டாது. சுருள் சரி, எர்த் இல்லை, கெபாசிட்டர் புதிது, இழுக்கும்போது வோல்டேஜ் விழவில்லை, ஆனாலும் 30 ஆம்பியருக்கு மேல் இழுத்துவிட்டு நிற்கிறது என்றால், அப்போது நானும் கம்ப்ரசர் இறுகிவிட்டது என்றுதான் சொல்வேன்.

இன்வெர்ட்டர் ஏசியில் இதெல்லாம் பொருந்துமா?

பாதிதான் பொருந்தும். அதில் கம்ப்ரசருக்கு ரன் கெபாசிட்டர் கிடையாது. வரும் மாறுதிசை (ஏசி) கரண்டை போர்டு நேர்திசை (டிசி) கரண்டாக்கி, அதைத் திரும்ப மூன்று ஃபேஸாக வெட்டிக் கம்ப்ரசருக்குக் கொடுக்கிறது. போர்டில் இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் 320 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும், எம்சிபியை இறக்கிப் பல நிமிடம் கழித்தும் உயிரோடு இருக்கும். பத்து நிமிடம் விட்டு, மீட்டரை டிசியில் வைத்து அளந்து, வடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகே தொடுங்கள். பழக்கமில்லாதவர்கள் இந்தப் பெட்டியைத் திறக்காமல் இருப்பது நல்லது என்று நான் மனதாரச் சொல்கிறேன்.

கம்ப்ரசரின் யு, வி, டபிள்யு மூன்று முனைக்கும் இடையே மூன்று அளவும் ஒரே மாதிரி வர வேண்டும், பெரும்பாலும் ஒன்றிரண்டு ஓம்ஸ்தான். ஒன்று மட்டும் விலகினால் கம்ப்ரசர். மூன்றும் சமமாக இருந்து எர்த்தும் இல்லையென்றால் போர்டைப் பாருங்கள். போர்டில் ஃபியூஸ் போயிருந்தால் பக்கத்தில் இருக்கும் வட்டமான வேரிஸ்டர் (அதிக வோல்டேஜிலிருந்து போர்டைக் காப்பது) வெடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். வெடித்திருந்தால் அதிக வோல்டேஜ் வந்திருக்கிறது, நியூட்ரல் அறுந்ததோ இடியோ. ஃபியூஸ் இடத்தில் வயரைச் சுற்றிவிட்டால் அடுத்தமுறை போர்டு முழுவதும் எரியும்.

டிஸ்பிளேயில் கம்யூனிகேஷன் எர்ரர் வருகிறது. போர்டு மாற்ற வேண்டுமா?

முதலில் கேபிளைப் பாருங்கள். உள்ளுக்கும் வெளிக்கும் பேசிக்கொள்ளும் சிக்னல் வயர் ஒன்று இருக்கிறது, அதில் நடுவே ஒரு ஜாயின்ட் துருப்பிடித்தாலே இந்த எர்ரர் வரும். சர்வீஸ் முடிந்த அன்றே வந்தால் வயர் இடம் மாறியிருக்கும். இரண்டு பக்கமும் ஒன்று, இரண்டு, மூன்று ஒரே நிறத்தில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். அவுட்டோர் போர்டில் எல்இடி மினுக்குகிறதா என்பதும் முக்கியம். இருட்டாகவே இருந்தால் வெளியே கரண்டே போகவில்லை, அல்லது போர்டின் ஃபியூஸ் போயிருக்கிறது. பேச ஆளே இல்லாதபோது பேச்சு எப்படி வரும்.

பல்லி, எறும்பு ஆகியவற்றால் கெடும் என்பது உண்மையா?

முழு உண்மை. போர்டு வெதுவெதுப்பாக இருப்பதால் பல்லி வந்து படுத்துக்கொள்ளும், இரண்டு முனையைச் சேர்த்துத் தொட்டதும் அதுவும் போய் போர்டும் போகும். கான்டாக்டர் (பெரிய ரிலே) இருக்கும் யூனிட்டில் எறும்பு இன்னும் மோசம்: கான்டாக்ட் நடுவில் நசுங்கிச் செத்து அடுக்கடுக்காகச் சேர்ந்து, "டக்" என்று சேரும் சத்தம் வரும், கரண்ட் மட்டும் போகாது. வயர் நுழையும் ஓட்டையை அடைத்துவிடுங்கள். காற்று போகும் ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள், போர்டு வெந்துவிடும்.

அவுட்டோர் பாடியைத் தொட்டால் சுரீர் என்கிறது. சின்ன ஷாக்தானே?

சின்னது என்று விடவே விடாதீர்கள். எம்சிபியை இறக்குங்கள், சரி செய்யும் வரை போடாதீர்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். அங்கே இரண்டு கோளாறு ஒன்றாக இருக்கிறது. ஏதோ ஒன்று பாடிக்குக் கசிகிறது, அதை இழுத்துக்கொண்டு போக வேண்டிய எர்த் வயரும் அறுந்திருக்கிறது. எர்த் நன்றாக இருந்திருந்தால் கசிவு உங்கள் கைக்கு வராமல் அதன் வழியே இறங்கியிருக்கும். ஆகவே கசிவை மட்டும் சரி செய்துவிட்டு எர்த்தை மறந்துவிட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

மெக்கானிக் வரும்போது நான் என்ன கேட்க வேண்டும்?

"அண்ணே, கெபாசிட்டர் எவ்வளவு காட்டுது? இழுக்கும்போது வோல்டேஜ் எவ்வளவு? எத்தனை ஆம்பியர் எடுக்குது?" இந்த மூன்றும் போதும். அளந்தவர் உடனே எண்ணைச் சொல்வார், பலர் மீட்டரையே உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார்கள். எண் இல்லாமல் கம்ப்ரசரோ போர்டோ மாற்ற வேண்டும் என்று வந்தால், கழற்ற விடாமல் இன்னொருவரைக் கூப்பிடுங்கள். மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கெபாசிட்டராக இருந்தால் அதன் மேல் தேதியை மார்க்கரால் எழுதிவிடுங்கள்.